கை நின்ற இடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடிவுகள் எல்லாம் இங்கே வெளிப்படையாக வரும். இந்தக் கேம்களை இன்னும் ஆடாதவர்கள், இந்தப் புத்தகங்களைப் படிக்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பட்டியல் போட வேண்டாம், அதை எல்லோரும் செய்தாகிவிட்டது. நான் கேட்பது வேறு. கதை உள்ள கேம் ஆடும்போதோ, இருண்ட மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) படிக்கும்போதோ, பட்டனை அழுத்த முடியாமல், பக்கத்தைத் திருப்ப முடியாமல் உங்கள் கை அப்படியே நின்ற இடம் எது? நானே தொடங்குகிறேன்.

எனக்கு அது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. 2018 அக்டோபரில் வந்தது. நான் ஆடியது அதற்கும் ஒரு வருடம் கழித்து, நண்பன் விற்ற பழைய பிளேஸ்டேஷன் 4ல். கதை நடப்பது 1899ல், அமெரிக்காவில். நாயகன் ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். கூட்டம் வட்டிக்குக் கொடுத்த பணத்தை வசூலிக்க அவனை அனுப்புவார்கள். அப்படி ஒரு நாள் தாமஸ் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயியின் வீட்டுக்குப் போகிறான். அடிப்பது நாம்தான், பட்டன் நம் கையில்தான் இருக்கிறது. அந்த மனிதர் இருமி, ரத்தம் ஆர்தர் முகத்தில் தெறிக்கிறது. அவன் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறான். நானும்தான். அடுத்து குதிரை வாங்கினேன், மான் வேட்டைக்குப் போனேன், அதை மறந்தே போனேன்.

வெகுநேரம் கழித்து, செயின்ட் டெனிஸ் நகரத் தெருவில் ஆர்தர் மயங்கி விழுகிறான். டாக்டர் பரிசோதித்துவிட்டு டியூபர்குலோசிஸ் என்கிறார். காசநோய்.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் என் அப்பாவுக்கு அதே நோய் வந்து குணமாகியிருந்தது. ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த ஆறு மாதமும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தவன் நான். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்தேன். அந்த நோய் பரவுவது காற்றில்தான், தட்டிலும் டம்ளரிலும் இல்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. குடித்துவிட்டு அவரே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பார்.

அதன் பிறகு கேம் ஆர்தரை நம் கண் முன்னாலேயே கரைக்கிறது. கன்னம் ஒட்டுகிறது, எவ்வளவு சாப்பிட வைத்தாலும் உடம்பு ஏறாது, கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்கும். ரயில் நிலையத்தில் சிஸ்டர் கால்டெரோன் என்ற கன்னியாஸ்திரியிடம் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறான். அவ்வளவு பெரிய உடம்புக்காரன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் ஆடிய எந்தக் கேமிலும் ஒரு நாயகன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. டௌன்ஸின் மனைவியும் மகனும் பிறகு வருகிறார்கள். பணம் கொடுக்கலாம், உதவலாம். ஆனால் அந்தப் பகுதியின் தலைப்பே மன்னிப்பைத் தேடாதே என்கிற பொருளில்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறை ஆடியபோதுதான் கை உண்மையாகவே நின்றது. டௌன்ஸ் வீட்டுக்குப் போக மனமில்லை. மூன்று வாரம் மலையிலும் ஆற்றோரத்திலும் சுற்றிக்கொண்டிருந்தேன், மீன் பிடித்தேன். அந்த வீட்டுக்குப் போகாமல் கதை நகராது. போகாதவரை ஆர்தர் நன்றாக இருக்கிறான். உங்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

*

அப்பாவைப் பற்றி எழுதிய அண்ணாவுக்கு: படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை. என்னுடையது மங்கா.

நான் லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். பெர்செர்க் புத்தகத்தை என் கையில் திணித்த நண்பன் சொன்னது ஒரே வரிதான்: 'இதுலயும் ஒரு இரும்புக்கை மாயாவி இருக்கான்டா.' அதன் நாயகன் கட்ஸுக்கு இடது முன்கை இரும்பு, உள்ளே ஒரு பீரங்கி. முதல் நாள் வழக்கம்போல் இடமிருந்து வலமாகப் படித்தேன். செத்தவன் எழுந்து சண்டை போடுவது போலத் தெரிந்தது. வலமிருந்து படிக்க வேண்டும் என்று நண்பன் சொன்ன பிறகுதான் கதை பிடிபட்டது.

நான் சுவரில் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன், பிளெக்ஸ் வந்த பிறகு வேறு வேலைக்குப் போனேன். அதனால் பெர்செர்க்கை வரைந்த கென்டாரோ மியூராவின் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கு மணிக்கட்டு வலிக்கும். ஒரு கவசத்தின் நிழலுக்கு எத்தனை மெல்லிய கோடுகள்! இரண்டு பக்கம் விரியும் படங்களில் தூரத்தில் நிற்கும் படைவீரனுக்கும் முகம் இருக்கும். 1989ல் தொடங்கி, முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதர் இதைச் செய்தார்.

என் கை நின்றது கிரகணப் பகுதியில், பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது தொகுதிகளில். ஒரு வருடச் சித்திரவதையில் நாக்கும் கால் நரம்பும் போன கிரிஃபித், கட்ஸின் படைத்தலைவன், தன் கனவுக்காகத் தன் படை முழுவதையும் காணிக்கை கொடுக்க வேண்டும். அவன் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் சொல்லிவிடுவான் என்று தெரிகிறது. நான் புத்தகத்தை மூடி பீரோவின் மேல் வைத்தேன். திரும்ப எடுத்தது எட்டு மாதம் கழித்து. கூட்டாளியாகத் தொழில் செய்த ஒருவன் அந்தச் சமயத்தில்தான் என்னை விட்டுப் போனான். கணக்கு வழக்கு எல்லாம் சரியாகவே முடித்துக் கொடுத்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் கிரிஃபித்தின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் படையில் இருந்த காஸ்கா என்ற பெண்ணுக்கு அந்த இரவில் நடப்பதை வரைந்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும்தான். அவ்வளவு நேரம், அவ்வளவு விவரமாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு கதையில் பல வருடங்கள் அவளைப் பேச்சில்லாதவளாகவே வைத்திருந்தார். பெர்செர்க்கை யாருக்குக் கொடுத்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

2021 மே 20 அன்று செய்தி வந்தது. மே 6ஆம் தேதியே மியூரா இறந்திருக்கிறார், பெருந்தமனிக் கிழிசல், வயது 54. இங்கே கொரோனா இரண்டாம் அலை, முழு ஊரடங்கு, தெருவுக்கு ஒரு வீட்டில் சாவு. அந்த நேரத்தில் பார்த்தே இராத ஒரு ஜப்பானியருக்காக அழுவது சரியா என்று தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடுபவர்கள், கட்ஸைப் போலப் பெரிய வாள் ஏந்தும் டார்க் நைட் உருவில் நகரத் தெருக்களில் வரிசையாக வந்து நின்றார்கள். நான் அந்தக் கேம் ஆடியதில்லை, படத்தைத்தான் பார்த்தேன். எழவு வீட்டு வாசலில் நிற்பதைப் போலவே நின்றார்கள்.

கடைசியாக அவர் வரைந்த 364ஆவது அத்தியாயம் அந்த செப்டம்பரில் வந்தது. 2022 ஜூனிலிருந்து அவருடைய ஸ்டுடியோ காகா உதவியாளர்கள் வரைகிறார்கள். பள்ளித் தோழர் கோஜி மோரி, மியூரா தன்னிடம் வாய்வழியாகச் சொல்லியிருந்த கதையை நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கோடு அதே கோடு இல்லைதான், எனக்கு அது தெரிகிறது. ஆனாலும் கூடப் படித்தவன் கேட்ட கதையைக் காப்பாற்றித் தருகிறானே, அதற்காகவே படிக்கிறேன்.

*

நியர் ஆட்டோமேட்டா. 2017ல் வந்தது, இயக்கியவர் யோகோ டாரோ. மனிதர்களுக்காக இயந்திரங்களோடு போரிடும் ஆண்ட்ராய்டுகளின், அதாவது மனித உருவ ரோபோக்களின் கதை. முழுவதும் சொல்ல மாட்டேன். 2பி என்பவள் தன் கூட்டாளி 9எஸ்ஸை எத்தனை முறை கொன்றிருக்கிறாள், ஏன் கொன்றாள் என்று தெரிய வரும்போது, முதலில் அவள் அவனிடம் விலகியே நின்றதெல்லாம் வேறு மாதிரி தெரியும். அவ்வளவு போதும்.

கை நின்றது கடைசி முடிவில். ஐந்து பெரிய முடிவுகளில் அது ஐந்தாவது. கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும், அந்தப் பெயர்களே நம்மைச் சுடும், நாம் திருப்பிச் சுட வேண்டும். தனியாக ஜெயிப்பது ரொம்பவே கஷ்டம். விழுந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா என்பது போலக் கேட்கும். பல தடவை இல்லை என்றேன். பின்னணியில் ஊர் பேர் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்ற ஊக்க வார்த்தைகள் வர ஆரம்பித்தன. அப்புறம் உதவி வேண்டுமா என்று கேட்டது. சரி என்றேன். என் சின்னக் கப்பலைச் சுற்றி இன்னும் சில கப்பல்கள் வந்து நின்றன, பாட்டு கூட்டுக் குரலானது. என்மேல் விழ வேண்டிய குண்டு அவர்கள்மேல் விழுந்து, அவர்களில் ஒருவருடைய தரவு அழிந்தது என்று எழுத்து வந்தது.

முடிந்த பிறகு கேட்கிறது: நீயும் முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படி உதவ விரும்புகிறாயா? விரும்பினால் உன் சேவ் முழுவதையும், அதாவது இதுவரை ஆடிச் சேமித்த எல்லாவற்றையும் தர வேண்டும். நீ யாருக்கு உதவுகிறாய் என்று உனக்குத் தெரியப்போவதில்லை.

அந்த சேவ் என்னுடையது மட்டும் இல்லை. தம்பியும் நானும் சேர்ந்து ஆடியது. அவன் சண்டையைவிட அதில் மீன் பிடிப்பதில்தான் குறியாக இருப்பான். பிடித்த மீன் ஒவ்வொன்றும் பதிவாகி இருந்தது. அவன் படிக்க வெளிநாடு போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவன் இருந்ததற்கு அடையாளமாக அவன் சட்டைகளைக்கூட அம்மா மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அந்த மீன்கள்தான் மிச்சம். திரையை அப்படியே விட்டுவிட்டு அவனுக்கு போன் போட்டேன். அங்கே நடு ராத்திரி. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'கொடுத்துடுக்கா. நமக்கும் யாரோ கொடுத்தாங்கல்ல' என்றான்.

கேம் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, கண் முன்னால் காட்டிக் காட்டி அழித்தது. முழுவதையும் பார்த்தேன்.

*

தங்கை எழுதியதற்குக் கீழே சண்டை போட மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன். த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தில், அந்த சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையில், எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்ற நாயகன் ஜோல் ஒரு டாக்டரைக் கொல்லும் இடம். நான் சுற்றிச் சுற்றி வேறு வழி தேடினேன். இல்லை. கொன்றால்தான் கதை நகரும். வேறு வழியே கொடுக்காமல் செய்ய வைத்துவிட்டு, 2020ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த டாக்டரின் மகள் ஆபியைக் கொண்டுவந்து நம்மைக் குற்றவாளியாக நிறுத்துவது அநியாயம் என்பது என் கருத்து.

*

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அநியாயமாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். அந்த டாக்டரைச் சுடும்போது எனக்குக் கை நிற்கவே இல்லை, ஒரு நொடிகூட. ஏழு வருடம் கழித்து ஆபியாக நானே நடந்து, அவள் அப்பாவோடு வரிக்குதிரையைக் காப்பாற்றப் போனபோதுதான், அன்றைக்குக் கை நிற்கவில்லையே என்று உறைத்தது. கடைசியில் கடலோரத்தில் எல்லி ஆபியைத் தண்ணீரில் அமுக்கும்போது பட்டனை அழுத்து என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் அழுத்தவில்லை. அழுத்தாவிட்டால் தோற்றுப்போய் மறுபடி அதே இடம். நான்கு முறை தோற்றேன்.

*

பள்ளியில் வேலை செய்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இனியோ அசானோவின் ஓயாசுமி புன்புன் என்ற மங்காவைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். 13 தொகுதிகள். மற்ற எல்லோரும் மனிதர்கள், நாயகப் பையனும் அவன் குடும்பமும் மட்டும் குழந்தை கிறுக்கிய குருவிப் பொம்மை மாதிரி. முதலில் சிரிப்பாக இருக்கும். வீடு உடைந்து, பையன் வளர்ந்து, அந்தப் பொம்மை முகமும் மாறிக்கொண்டே போகும். மிக நல்ல புத்தகம். ஆனால் மனம் சரியில்லாமல் இருக்கும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள். பதினேழு வயதில் ஒரு பையன் என்னிடம் கேட்டபோது, கொஞ்ச நாள் போகட்டும், நாம் சேர்ந்து படிக்கலாம் என்றேன். அடுத்த வருடம் அப்படித்தான் படித்தோம், வாரம் ஒரு தொகுதி, சனிக்கிழமைகளில்.

*

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். தம்பியின் மீன்களை நினைத்துக்கொண்டே இன்று வேலைக்குப் போனேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டாம் முறை ஆடி, கடைசியில் டௌன்ஸ் வீட்டுக்கும் போய், ஆறாம் அத்தியாயம் வந்தபோது அப்பா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்தர் குதிரையிலிருந்து இறங்கி இருமினான். அப்பா கேட்டார்: 'இவனுக்கு என்ன, அதேதானா?'

அதேதான் என்றேன்.

'மாத்திரை குடுக்கலையா?'

இந்தக் கதை 1899ல் நடக்குது, கிருமியைக் கண்டுபிடித்தது 1882, மருந்து வந்தது 1940களில்தான் என்று சொன்னேன். நம்ம மெட்ராஸில்தான் 1950களில் ஆராய்ச்சி செய்து, நோயாளியைத் தனியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதும் என்று உலகத்துக்குக் காட்டினார்கள் என்றும் சொன்னேன். வீட்டிலேயே என்ற சொல் வந்ததும் என்னால் மேலே பேச முடியவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். 'பாவம், கூட யாரும் இல்லையா இவனுக்கு' என்றார்.

நான் எழுந்து உள்ளே போனேன். அலமாரியில் எல்லா டம்ளர்களையும் கவிழ்த்துப் பார்த்து, கோடு போட்டதைத் தேடி எடுத்தேன். அதில்தான் இப்போது தினமும் நான் காபி குடிக்கிறேன்.