முயற்சியா முயற்ச்சியா? எங்க புள்ளி வைக்கணும்னு ஒரு வழி சொல்லுங்க

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. நெட்ல தமிழ்ல எழுதும்போது ஒரு இடத்துல மட்டும் ஒவ்வொரு தடவையும் கை நின்னுடுது. வளர்ச்சி, மகிழ்ச்சி, உணர்ச்சி இதுல எல்லாம் ச் வருது, அப்ப முயற்சிக்கும் பயிற்சிக்கும் மட்டும் ஏன் வரக்கூடாதுங்கறாங்க? போன் கீபோர்டு ரெண்டு மாதிரியும் காட்டுது. அதற்கு, அதற்க்கு இதுலயும் அதே குழப்பம். லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ணுன்னு சொல்லாம, புது வார்த்தை வந்தாலும் நானே கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

பதில் 1:
இருக்குங்க. புள்ளி வச்ச எழுத்துக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. ற், ட் இந்த ரெண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது, அதுவே வல்லின மெய், அதுக்கு மேல அழுத்தம் தேவையில்ல. அதனாலதான் முயற்சி, பயிற்சி, அதற்கு, ஏற்கனவே, விற்பனை, கற்பனை, நட்பு, காட்சி, கட்சி எல்லாத்துலயும் ஒத்தைப் புள்ளி. ய், ர், ழ் வந்தா மட்டும் ரெண்டு மெய் சேர்ந்து நிக்கலாம், காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை, அப்புறம் சேர்ந்து, வாழ்ந்து மாதிரி. இது நேத்து வந்த விதி இல்ல, தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துலயே இந்த மூணு எழுத்தையும் பேர் சொல்லி இருக்கு. உங்க குழப்பமே ர், ற் ரெண்டும் பேச்சுல கிட்டத்தட்ட ஒண்ணா கேக்கறதால வர்றதுதான், உணர்ச்சில இருக்கறது ர், முயற்சில இருக்கறது ற். கீபோர்டு நாம அடிச்சதையே கத்துக்கும், அது காட்டுறத வச்சு முடிவு பண்ணாதீங்க. இங்கிலீஷ்ல இருந்து வந்த வார்த்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

பதில் 2:
மேல சொன்னவர் சொன்னது சரி. கூடவே வார்த்தைக்கு வார்த்தை நடுவுல வர்ற ஒற்றையும், அதாவது க், ச், த், ப் புள்ளி எழுத்தையும் கவனிங்க, நெட்ல அதிகமா விடுபடுறது அதுதான். அந்த, இந்த, எந்த இதுக்கு அப்புறம் க ச த ப வந்தா ஒற்று போடணும், அந்தப் பையன், இந்தக் கதை. ஐ, கு உருபுக்கு அப்புறமும் அப்படித்தான், புத்தகத்தைப் படித்தேன், அவனுக்குக் கொடுத்தேன். ஆனா இதைப் பாத்து 'வந்தப் பையன்', 'படித்தப் புத்தகம்'னு போடுறவங்க நிறைய பேர், அது தப்பு, வந்த, படித்த மாதிரி அடுத்து ஒரு பெயரை எதிர்பார்க்கிற பெயரெச்சத்துக்குப் பின்னாடி ஒற்று வராது. தந்த பலகைன்னா யாரோ குடுத்த பலகை, தந்தப் பலகைன்னா யானைத் தந்தத்துல செஞ்சது. ஒரு புள்ளில அர்த்தமே மாறுது பாருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் காரணம் புரியுது. இன்னும் ஒண்ணு, ர் வந்தா ரெட்டிக்கும்னா சார்பு, மார்பு இதுல ஏன் ப் இல்ல? அப்புறம் வாழ்த்துகளா வாழ்த்துக்களா?

பதில் 1:
ர் வந்தா ரெட்டிக்கலாம்னுதான் சொன்னேன், ரெட்டிச்சே ஆகணும்னு இல்ல. ற், ட்டுக்குத்தான் கண்டிப்பான தடை. ய், ர், ழ் வந்தா வாய்விட்டு சொல்லிப் பாருங்க, சார்பு, மார்புல பு மெலிஞ்சு ஒலிக்கும், சேர்ப்பு, ஈர்ப்புல அழுத்தி ஒலிக்கும், அழுத்தம் இருந்தா ப் போடுங்க. வாழ்த்துகள் விஷயத்துல தமிழறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது, ரெண்டும் புழக்கத்துல இருக்கு. கள் வெறும் பன்மை விகுதிதானேன்னு நான் ஒற்று இல்லாம வாழ்த்துகள்னுதான் எழுதுறேன்.