பொருள்: லிவிங் ஹிஸ்டரிக்கு "வாழும் வரலாறு" வேண்டாமே, வேறு சொல் உண்டா?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

ஒரு சின்ன வேலையை ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். மாசசூசெட்ஸில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்கா விடுதலை பெறுவதற்கு முந்தைய வாழ்க்கையை அந்தக் காலத்து உடையிலும் கருவியிலும் காட்டுகிற லிவிங் ஹிஸ்டரி குழு ஒன்று இருக்கிறது. என் மகள் அதில் ஃபைஃப் வாசிக்கிறாள். ஆறு துளை உள்ள சின்னப் புல்லாங்குழல்தான், ஆனால் காதைக் கிழிக்கும். தமிழ்ப் பள்ளியில் இன்னும் நாலைந்து குடும்பங்கள் சேரப் பார்க்கிறார்கள். கோடையில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளும் படிக்கிற மாதிரி, வரப்போகும் நிகழ்ச்சிகளை ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள்.

மார்ச்சில் துப்பாக்கிப் பயிற்சியும் பாதுகாப்புச் சோதனையும். ஏப்ரல் மூன்றாம் திங்கள் பேட்ரியட்ஸ் டே: லெக்சிங்டன் புல்வெளியில் 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் நடந்த, அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த மோதலை அதே நேரத்தில் நடத்துவார்கள், அதைப் பார்க்கப் போகிறோம். ஜூலையில் இரண்டு ராத்திரி கூடாரம். அக்டோபரில் விறகடுப்புச் சமையல். டிசம்பர் 16, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய பாஸ்டன் தேநீர்க் கலகத்தின் நினைவு நாள்.

இதெல்லாம் எழுதிவிட்டேன், தலைப்பில்தான் நிற்கிறேன். "வாழும் வரலாறு" என்று போட்டு என் மாமனாருக்கு அனுப்பினேன். "எந்தத் தலைவருக்கும்மா பிறந்தநாள்?" என்று கேட்டார்.

*

மறுமொழி, கடலூரிலிருந்து:

அம்மா, உங்கள் மாமனார் கேட்டது சரிதான். அந்தச் சொல்லை ஃபிளெக்ஸ் பேனர்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி மீட்க முடியாது.

"மீள்நிகழ்த்தல்" போதுமே. நிகழ்த்துகலை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற அன்று காலையில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் படுக்கவைத்திருப்பார்கள். வேஷம் கட்டியவர்கள் அதைச் சுற்றி ஓடுவார்கள். ஊரே நின்று பார்க்கும். அதைவிட என்ன மீள்நிகழ்த்தல் வேண்டும்?

இன்னொன்று. நீங்கள் அங்கே கொண்டாடும் போருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். அமெரிக்காவில் பிடித்த நெருப்பு இங்கே வரைக்கும் வந்திருந்தது. ஐரோப்பாவில் சமாதானம் பேசி மாதக்கணக்காகிவிட்டது, செய்தி கப்பலில் வந்து சேர்ந்த பிறகுதான் இங்கே சண்டை நின்றது. அதை மீள்நிகழ்த்த இங்கே ஒருவரும் இல்லை, போகட்டும்.

*

மறுமொழி, மறுபடி நான்:

ஐயா, படுகளம் நல்ல ஒப்புமை. கடலூர்ச் செய்தியை மகளிடம் சொன்னேன், அவளுடைய குழுத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஆனால் மீள்நிகழ்த்தல் ரீஎனாக்ட்மென்டுக்குத்தான் பொருந்தும். இங்கே அதுவும் லிவிங் ஹிஸ்டரியும் வேறு வேறு. லெக்சிங்டனில் நடப்பது மீள்நிகழ்த்தல்: அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள், எட்டுப் பேர் எப்படி விழுந்தார்கள் என்று காட்டுவது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மினிட் மேன் தேசிய வரலாற்றுப் பூங்கா. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இரண்டு அணி எதிரெதிரே நின்று சுடுவதும், செத்து விழுவதும் கூடாது என்பது விதி. உடை அணிந்து வரலாம், அடுப்பு மூட்டலாம், துப்பாக்கி சுடும் முறையைக் காட்டலாம். ஆக ஒன்றுக்குத் தடை, மற்றதற்கு அனுமதி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அறிவிப்பே தப்பாகிவிடும்.

எங்கள் குழு வருஷம் முழுக்கச் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். மார்ச் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு கிடையாது, காகிதச் சுருளில் கருமருந்து மட்டும். சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும். வெடியுப்பு நாக்கில் கரிக்கும். ஒரு சிட்டிகையைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் போட்டு மூடி, மீதியைக் குழாய்க்குள் கொட்டவேண்டும். கெட்டிக்கிற கோலை உருவவே கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டளை. மறதியில் யாராவது அதைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டுச் சுட்டால் அம்பு மாதிரிப் பாய்ந்துவிடும். சிக்கிமுக்கிக் கல் தேய்ந்திருந்தால் பொறி வராது, அன்றைக்கு வரிசையில் நிற்க முடியாது. இதில் எந்த நிகழ்ச்சியும் "மீள" நடக்கவில்லை, ஒரு வேலையைச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

உடையும் அப்படித்தான். ஜிப் கூடாது, பாலியெஸ்டர் கூடாது, வெளியே தெரியும் தையல் கைத்தையலாக இருக்கவேண்டும். மகளின் கவுனுக்கு அச்சுப் பூப்போட்ட பருத்தி தேடினேன். அந்த நூற்றாண்டில் இப்படித் துணி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போயிருக்கிறது. அதற்குப் புதுச் சொல் எதுவும் வேண்டாம், எங்கள் பாட்டி சொன்ன "சீட்டி"யேதான்.

*

மறுமொழி, பெங்களூரிலிருந்து:

அக்கா, "வாழ்ந்துகாட்டல்"? வாழ்ந்தும் ஆச்சு, காட்டியும் ஆச்சு.

*

மறுமொழி, டொராண்டோவிலிருந்து:

தம்பி சொன்ன சொல்லில் "காட்டு" என்ற துணைவினை அருமை. "வாழ்ந்து" தான் இடிக்கிறது. சவால் விடுகிற தொனி ஒரு பக்கம் இருக்கட்டும். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு ஊரையே 18ஆம் நூற்றாண்டுக் கோலத்தில் வைத்திருக்கிறார்கள், 1926இல் தொடங்கிய புனரமைப்பு. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர்கள், பெரும்பாலோர் அடிமைகள். 1994 அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்றை அங்கே நடத்திக் காட்டினார்கள். ஏல மேடையில் நின்றவர்கள் அங்கே வேலை செய்யும் கறுப்பினப் பணியாளர்களே. நடக்கும் முன்பே பெரிய எதிர்ப்பு. அதைப் போய் வாழ்ந்துகாட்டல் என்று எழுத எனக்குக் கை வராது.

உங்கள் மாசசூசெட்ஸிலேயே பிளிமத் அருங்காட்சியகத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே ஆங்கிலக் குடியேறிகளின் ஊரில் இருப்பவர்கள் 1620களின் ஆட்களாகவே பேசுவார்கள். கைபேசியைக் காட்டினால் முழிப்பார்கள். கொஞ்சம் தள்ளி வாம்பனோக் மக்களின் இடம். அங்கே இருக்கும் பழங்குடியினர் வேஷம் கட்டுவதில்லை. பழைய உடையில் நின்று, மரத்தை நெருப்பால் குடைந்து தோணி செய்துகொண்டே, இன்றைய மனிதராக "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்ற நிலையில் பேசுவார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது செய்து காட்டுவது. ஆகவே "செய்துகாட்டு வரலாறு".

அந்த இரண்டு பேச்சு முறைகளையும் முதல் நபர், மூன்றாம் நபர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தன்மை, படர்க்கை என்று இலக்கணத்திலேயே கிடக்கிறது. தன்மை விளக்கம், படர்க்கை விளக்கம்.

கலோனியல் காலத்துக்குச் சிலர் எழுதும் "குடியேற்றக் காலம்" பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவுக்குப் பொருள் சரிதான். ஆனால் இலங்கையில் எங்கட பக்கம் குடியேற்றம் என்றால் கல்லோயா, மணலாறு என்று அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்கள்தான் ஞாபகம் வரும். "காலனிக் காலம்" என்றே விட்டுவிடுங்கள்.

*

மறுமொழி, கடலூரிலிருந்து:

மீள்நிகழ்த்தலை லெக்சிங்டனோடு நிறுத்திக்கொள்கிறேன். டொராண்டோ ஐயா தந்த சொல்லில் அவரே சொல்லாத ஒன்று இருக்கிறது. "செய்துகாட்டு வரலாறு" வினைத்தொகை. செய்துகாட்டிய வரலாறா, காட்டுகின்ற வரலாறா, காட்டும் வரலாறா? மூன்றும்தான். காலம் கரந்த பெயரெச்சம் என்று பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் ஊறுகாயையும் சுடுசோற்றையும் வைத்தே நடத்தினேன். காலத்தையே மறைத்துக்கொண்டு கூடாரம் போடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தெரியவில்லை. கூட்டுவினையில் வினைத்தொகை அபூர்வம் என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும்.

ஒரு எச்சரிக்கை: சேர்த்து எழுதுங்கள். இடம் விட்டு "செய்து காட்டு வரலாறு" என்று அச்சிட்டால் காட்டுப்பன்றி, காட்டுயானை வரிசையில் காட்டு வரலாறும் சேர்ந்துவிடும்.

*

மறுமொழி, நான்:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பு: "காலனிக் காலச் செய்துகாட்டு வரலாறு: வரப்போகும் கூடல்கள்". ஏப்ரல் வரிக்கு மட்டும் மீள்நிகழ்த்தல். ஜூலை கூடாரத்துக்குப் "பாசறை" என்று போட்டிருக்கிறேன். இரண்டு ராத்திரி வைக்கோல் மெத்தையில் படுத்தவள் என்ற முறையில் போர்ப் பாசறையில் கிடக்கும் முல்லைத்திணைத் தலைவனின் கஷ்டம் எனக்கு இப்போது புரிகிறது.

இம்ப்ரெஷன் என்று அவர்கள் சொல்வதை, அதாவது ஒருவர் எந்த ஆளாக, எந்த உடையும் பொருளுமாக வருகிறார் என்பதை, "கோலம்" என்று எழுதினேன். அக்டோபர் வரியில் "அவரவர் கோலத்துடன் வரவும்" என்பதைப் படித்த ஒரு பாட்டி, அரிசி மாவு இங்கே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இதை "வேடம்" ஆக்கிவிடவா? வாம்பனோக் விஷயத்தைப் படித்த பிறகு வேடம் என்று எழுதவும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.