அவசரம்: பாய்லர் கரி தின்னுது, ஸ்டீம் அதே அளவுதான்

மணலி_யுடிலிட்டி: மணிக்கு 10 டன் ஸ்டீம் தர்ற பாய்லர். போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப அதே ஸ்டீமுக்குக் கரி ரொம்பப் போகுது. மேலிடத்துல நெருக்குறாங்க. யாராவது சொல்லுங்க.

பெட்_டெம்ப்: எஃப்பிசியா (காத்துல மிதக்குற மணல் பெட்டுல கரி எரியுற டைப்), ட்ராவலிங் கிரேட்டா (நகர்ற தட்டுல எரியுற டைப்)? என்ன கரி? புகையில ஓ2 (ஆக்சிஜன்) எவ்வளவு?

தார்ப்பாய்: ஐப்பசி மழை சார், வேறென்ன. யார்டை மூடினீங்களா? ஈரக்கரி பங்கர் தொட்டியில ஒட்டும், ஃபீடர் கரியை விட்டு விட்டுப் போடும். ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்கி சிம்னி வழியா அனுப்பவே 600 கிலோகலோரிக்கு மேல போயிடும்.

சீனியர்_பாய்லர்: "ரொம்ப"ன்னா எவ்வளவு? இங்க யாரும் ஜோசியம் பார்க்கல தம்பி. லாக் ஷீட்டைப் பார்த்து நம்பர் போடுங்க, அப்புறம் அவசரப்படலாம்.

மணலி_யுடிலிட்டி: சாரி சார். எஃப்பிசி, 10 கிலோ பிரஷர். இந்தோனேசியக் கரி, 5400 ஜிசிவி (ஒரு கிலோ கரி எரிஞ்சா கிடைக்குற கிலோகலோரி). ஸ்டீம் மணிக்கு 8 டன். கரி முன்ன 1.55 டன், இப்ப 1.9. ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள்ள போற தண்ணி) 60 டிகிரி. ஸ்டாக் (சிம்னிப் புகை) சூடு 160ல இருந்து 135க்கு இறங்கியிருக்கு, அதனால அந்தப் பக்கம் பிரச்சினை இல்ல.

கணக்குப்பிள்ளை: 5400 ஏடிபி (மேல் ஈரம் காய்ஞ்ச கரி) கணக்காத்தான் இருக்கணும். உள்ஈரம் 16, மொத்த ஈரம் 34னு வெச்சா 5400 × 66 ÷ 84, ஏஆர்பில (வந்த ஈரத்தோட உள்ள கரி) சுமார் 4240தான். கிலோ ஸ்டீமுக்கு 604 கிலோகலோரி ஏத்தணும். அப்போ பாய்லர் எஃபிஷியன்சி முன்ன 73%, இப்ப 60%. 5400ஐயே போட்டா முன்னயும் 58%தான் வருது, நல்லா ஓடுன எஃப்பிசிக்கு அது ஒத்துவராது.

தார்ப்பாய்: பார்த்தீங்களா, தண்ணியைக் கரி விலைக்கு வாங்குறாங்க!

கரி_லோடு: எல்லாத்துக்கும் கரி விக்கிற வியாபாரி மேலயா பழி? எண்ணூர்ல ஏத்தும்போது ஒரு ஈரம், உங்க யார்டுல மழை குடிச்ச பிறகு ஒரு ஈரம். சாம்பிள் எங்க எடுத்தீங்க?

தார்ப்பாய்: லாரியில தண்ணி அடிச்சு அனுப்புறது யாரு?

கரி_லோடு: தூசி பறந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நீங்களா பதில் சொல்வீங்க?

பெட்_டெம்ப்: சண்டையை அப்புறம் போடுங்கப்பா. கரி கூடியும் ஸ்டாக் சூடு குறையுதுன்னா அது நல்ல சேதி இல்ல. ஏபிஎச் (புகைச் சூட்டுல உள்ள போற காத்தைச் சூடாக்குறது) ட்யூப் ஓட்டையா இருக்கலாம். எஃப்டி ஃபேன் உள்ள ஊதுற காத்து பெட்டுக்குப் போகாம ஓட்டை வழியா புகையில கலக்குது, புகை ஆறிப்போய் வெளிய வருது. பெட்டுக்குக் காத்து பத்தாம கரி அரைகுறையா எரிஞ்சு சாம்பல்ல போகும். ஏபிஎச்சுக்கு முன்னயும் பின்னயும் ஓ2 எடுங்க. புகையை வெளிய இழுக்குற ஐடி ஃபேன் ஆம்ப்ஸ் ஏறியிருக்கா? ஃப்ளை ஆஷ் கறுப்பா வருதா?

சீனியர்_பாய்லர்: அதுக்கு முன்னாடி கண்டன்சேட் (ஸ்டீம் ஆறித் திரும்புற சுடுதண்ணி) எங்க போகுதுன்னு பாருங்க. ஃபீட் வாட்டர் 6 டிகிரி இறங்கினா 1% கரி கூடும். 60 எல்லாம் ஒரு சூடா?

பெட்_டெம்ப்: ஐயா, அது முன்னயும் 60ஆ இருந்திருந்தா இந்த 13% இறக்கத்துக்கு அது காரணமில்ல.

மணலி_யுடிலிட்டி: ஓ2 ஏபிஎச்சுக்கு முன்ன 5.5%, பின்ன 11.8%. ஐடி ஆம்ப்ஸ் ஏறியிருக்கு, சாம்பலும் கறுப்பு. ஃபீட் வாட்டர் எப்பவும் 60தான். ஞாயிறு ஷட்டவுன் கேட்டிருக்கேன். நன்றி.

பெட்_டெம்ப்: பாய்லர் ஆறினதும் ஐடியை நிறுத்தி எஃப்டியை மட்டும் ஓட்டுங்க. புகை ட்யூபுக்குள்ள போற டைப்னா ட்யூப் வாயில ஊதுவத்தி பிடிங்க, ஓட்டையான ட்யூப் புகையை வெளிய தள்ளும். குளிர் காத்து நுழையுற பக்கத்துல ஆரம்பிங்க, அரிப்பு அங்கதான் முதல்ல வரும். ரெண்டு முனையும் அடைக்கணும், ஒரு முனை போதாது.

கரி_லோடு: சாம்பிள் எங்க எடுத்தாங்கன்னு இன்னும் யாரும் சொல்லல.