சிவப்புத் தார்ப்பாய் காட்டிக் கொடுத்த கதை

பாமணியாறு:
ஆதாரைக் காட்டினால்தான் சமூக வலைத்தளத்தில் எழுத விட வேண்டும் என்பவர்களுக்காக என் கதை.

மூன்று வருடத்துக்கு முன், சம்பா அறுவடை. பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையக் களத்தில் எங்கள் நெல் ஆறு நாளாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பகலெல்லாம் காயவைத்து 17-க்குக் கொண்டுவருவோம், ராத்திரிப் பனியில் 19 ஆகிவிடும். 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் லஞ்சம் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஈரப்பத மெஷின் தவறாமல் 17 காட்டியது. ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த குவியலைப் படமெடுத்து, புனைபெயரில் ஒரு கணக்குத் தொடங்கி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பேர், ஊர் எதுவும் போடவில்லை.

மறுநாள் டீக்கடையில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, படத்துல இருக்குற செவப்புத் தார்ப்பாய் உங்க அப்பாவோடதுதானே? ஓரத்துல சணல் வச்சுத் தச்சிருக்கே."

அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் முறை வரும்போதெல்லாம், நெல் பிடிக்கச் சாக்குப் பை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. பேரை மறைத்தே இந்தக் கதி. ஆதாரோடு எழுது என்றால் எங்கள் பக்கம் எவன் எழுதுவான்?

அரசலாறு:
அண்ணா, எனக்கு நடந்தது நேர் எதிர். கல்யாணப் பேச்சு நடந்த சமயம் என் படத்தை வைத்து யாரோ கணக்குத் தொடங்கி, கும்பகோணத்து அத்தை மகன்கள் வரைக்கும் அசிங்கமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். புகார் கொடுத்தால், அந்தத் தளம் என் அடையாள அட்டையைக் கேட்டது. போலியை நடத்தியவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆள்மாறாட்டப் புகாருக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது நாள் ஆனது.

சைபர் கிரைமில் எண்ணைப் பிடித்துவிட்டார்கள். சிம் ஒரு பாட்டியின் ஆதாரில் வாங்கியது. பேரன் எங்கள் தெருதான், அம்மாவுக்குக் கடைக்குப் போய்வரும் பையன். ஆதார் சரிபார்ப்பு இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்குத்தான், உண்மையான ஆள் என்று காட்டும் நீலக்குறி கிடைத்திருக்கும்! இருந்தாலும் ஏதாவது ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. புனைபெயரில் இருந்துகொண்டு சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

குடமுருட்டி:
50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் சரிபார்ப்பு வசதி தர வேண்டும் என்பதும் அந்த 2021 விதிகளில்தான் வந்தது. விரும்பினால் செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை. கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொல்லி 2018-இலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

நான் முன்பு சொந்தப் பேரில் எழுதியவன். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு வந்த தைரியம். 2017-இல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது பக்கம் பக்கமாக எழுதினேன். போலீஸ் வரவில்லை. தங்கச்சியின் மாமனாரிடமிருந்து போன் வந்தது. "எங்க பையன் அரசாங்க உத்தியோகத்துல இருக்கான் தம்பி, பாத்துக்குங்க." அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அழித்தேன். எந்தச் சட்டத்தைக் காட்டி அவரிடம் வாதாடுவது?

பாமணியாறு:
சிரிக்கவில்லை தங்கச்சி. அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

கணக்கை நான் இன்னும் மூடவில்லை. இந்த வருடம் நீலத் தார்ப்பாய் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அதுதான்.