பீட்டா கிராஷ் ரிப்போர்ட்: பெயரெல்லாம் ஒற்றை எழுத்து, சிலரிடமிருந்து ரிப்போர்ட்டே இல்லை

புதுநிரல்:
ஆண்ட்ராய்டு செயலியின் பீட்டா (சோதனைப் பதிப்பு) சோதனையாளர்கள் கையில் இருக்கிறது. செயலி கிராஷ் ஆகி விழும்போது ரிப்போர்ட் வருகிறது, ஆனால் ஸ்டாக் டிரேஸில் (விழுந்த நேரத்தில் எது எதை அழைத்தது என்ற பட்டியல்) கிளாஸ், மெத்தட் பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்தாகத் தெரிகின்றன. இன்னும் சிலர் "ஆப் தானாக மூடிக்கொள்கிறது" என்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

அடுக்குத்தடம்:
முதலாவது, கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8 செய்யும் வேலை. பில்ட் ஆகும்போது (கோடைச் செயலியாக்கும்போது) அது பெயர்களைச் சுருக்கி, பழைய பெயர்–புதிய பெயர் பட்டியலை ஒரு மேப்பிங் கோப்பில் எழுதி வைக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் அந்தக் கோப்பை வெர்ஷன் எண்ணோடு சேமித்து, ரிப்போர்ட் சர்வரிலும் ஏற்றுங்கள். வேறு பில்டின் மேப்பிங்கைக் கொடுத்தால் பிழைச்செய்தி வராமலே தவறான மெத்தட் பெயர் வரக்கூடும். அதை நம்பித் தேடினால் நாள்கணக்கில் வீண். வரி எண்கள் வரவில்லையென்றால் ஆர்8 விதிகளில் அதைத் தக்கவைக்கச் சொல்லுங்கள்.

டிரேஸைப் படிக்கும்போது முதல் வரியோடு நிற்காதீர்கள். "இதற்குக் காரணம்" (Caused by) என்று அடுக்கடுக்காக வருபவற்றில் கடைசியில் இருப்பதுதான் மூலம். எதை முதலில் திருத்துவது என்பதற்குக் கிராஷ் எண்ணிக்கையைவிட எத்தனை சாதனங்களில் வந்தது என்று பாருங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பத் திறந்தாலே எண்ணிக்கை ஏறிவிடும்.

நினைவகம்:
அடுக்குத்தடம் சொன்னதோடு நானும் சேர்க்கிறேன். நேட்டிவ் கோடும் (சி, சி++ போன்றவற்றில் எழுதியது) இருந்தால்: சிக்னல் 11 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது), முகவரி பூஜ்யத்துக்கு ஒட்டினாற்போல என்றால் பெரும்பாலும் நல் பாயின்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி). அந்தச் சிறிய எண், ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளின் தொகுப்பு) எந்த உறுப்பைத் தொட்டபோது விழுந்தது என்பதையே சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் மேல் வரியில் இருக்கும் ஃபங்ஷனைக் குற்றம் சொல்லாதீர்கள். வேறெங்கோ நினைவகம் கெட்டிருக்கலாம். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் ஹார்ட்வேர் அட்ரஸ் சானிடைசர் (HWASan) போட்ட தனி பில்டை, அது ஓடும் சாதனம் உள்ள சோதனையாளர்களுக்குக் கொடுங்கள்.

ரிப்போர்ட்டே வராததற்கு நான் சந்தேகிப்பவை:

நினைவகம் போதாமல் சிஸ்டமே கொன்றிருக்கலாம். சிக்னல் 9-ஐ (உடனே நிறுத்தும் கட்டளை) எந்த ஹேண்ட்லராலும் (விழுவதைப் பிடித்துப் பதியும் கோட்) பிடிக்க முடியாது. ஆண்ட்ராய்டு 11 முதல், முந்தைய முறை செயலி எதனால் முடிந்தது என்று அடுத்த திறப்பில் சிஸ்டத்திடம் கேட்கலாம். சில சாதனங்கள் நினைவகப் பற்றாக்குறை என்று சொல்லாமல் வெறும் சிக்னல் 9 என்றே காட்டும்.

இன்னொன்று, இரண்டு எஸ்டிகே (கிராஷ் ரிப்போர்ட் அனுப்பும் ஆயத்த நூலகம்) தனித்தனி ஹேண்ட்லர் போட்டு, பின்னது முன்னதை அழைக்காமல் விடுவது.

புதுநிரல்:
ஒரே எஸ்டிகேதான். திறந்ததும் மூடிக்கொள்கிறது என்கிறார்கள்.

அடுக்குத்தடம்:
அப்படியானால் விஷயம் வேறு. பொதுவாகக் கிராஷ் விவரம் விழும் நேரத்தில் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த திறப்பில்தான் அனுப்பப்படும். ஒவ்வொரு திறப்பும் அனுப்பி முடிக்கும் முன்பே விழுந்தால் எதுவும் வந்து சேராது. எஸ்டிகேயை மற்ற எல்லாவற்றுக்கும் முன் தொடங்குங்கள். முந்தைய ஓட்டம் சில விநாடிகளிலேயே விழுந்திருந்தால், அனுப்பி முடியும்வரை, அதிகபட்சம் 3 விநாடி, மீதித் தொடக்க வேலைகளை நிறுத்தி வையுங்கள். அந்தக் காத்திருப்பு, திரையை இயக்கும் மெயின் த்ரெட்டை அடைக்காமல் இருக்கட்டும்.