வீட்டிலிருந்து மைக்ரோஸ்கோப் ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். 2020 ஊரடங்கில் லேபுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். அவர் அடியில் இருக்கும் லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதன் மேல் ஹீலா செல்கள் (லேபில் வளர்க்கும் மனித செல்கள்) இருக்கும் டிஷ்ஷை வைத்துவிட்டு வந்துவிடுவார், மீதியை நான் வீட்டில் ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்த்துக்கொள்வேன். செல் பிரிவதை 3 நிமிடத்துக்கு ஒரு படமாக இரவு முழுக்க எடுக்க வேண்டும். படம் எடுப்பதில் சிக்கலே இல்லை, ஃபோகஸில்தான். நேரில் என்றால் குமிழைத் திருப்பும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே மவுஸ் சக்கரத்தை உருட்டினால் இரண்டு விநாடி கழித்துத்தான் படம் அசைகிறது. அசையவில்லையே என்று இன்னும் நாலு உருட்டு உருட்டினேன், எல்லாம் வரிசையில் நின்று ஒரே மூச்சில் போய்ச் சேர, 63 மடங்கு லென்ஸ் மேலேறி டிஷ்ஷின் அடியில் உள்ள 0.17 மி.மீ. கண்ணாடியை இடித்துவிட்டது. மீடியம் (செல்கள் வளரும் திரவம்) கசிந்து லென்ஸ் மேல் வழிந்திருந்ததை மறுநாள் போனவர் சொல்லித்தான் தெரியும். அப்புறம்தான் லென்ஸ் ஏறும் உயரத்துக்கு மென்பொருளில் எல்லை வைத்தோம். லைவ் பார்ப்பதையும் விட்டேன். ஒரு மைக்ரான் நகர்த்து, ஒரு படம் எடு, அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இரு.

*

லைவ் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. லைவ் ஓடும்போது என் வீட்டு இணையம் போனது. அங்கே கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு ஷட்டரைத் திறந்து வைத்து ராத்திரி முழுக்க நீல ஒளியைப் பாய்ச்சியிருக்கிறது. காலையில் செல்களில் ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் பச்சை போயே போச்சு, செல்கள் உருண்டு மிதக்கின்றன. அதுவும் நான் பார்த்துக்கொண்டிருந்த வட்டத்துக்குள் மட்டும், பக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தன! இப்போது 5 நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஷட்டர் தானே மூடும்படி மைக்ரோஸ்கோப்பை இயக்கும் மைக்ரோ-மேனேஜர் மென்பொருளில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன்.

*

நீங்கள் இரண்டு பேரும் சொல்வது நமக்குத்தான் புதிது. கலிஃபோர்னியாவில் மைக்கேல் பெர்ன்ஸ் குழு 2005-லேயே ரோபோலேஸ் என்று ஒன்று கட்டி, செல்லுக்குள் குரோமோசோமை லேசரால் சுடும் மைக்ரோஸ்கோப்பை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து இணையம் வழியாக இயக்கிக் காட்டியது. சரி, என் பிரச்சினை அவ்வளவு பெரிதில்லை. 37 டிகிரி சூடு நிலைக்கு வருவதற்குள் அவசரப்பட்டுத் தொடங்கி, பாதி இரவில் ஃபோகஸ் நகர்ந்துபோன படங்கள் நிறைய வைத்திருக்கிறேன். அதைக்கூடச் சமாளிக்கலாம். எண்ணெயில் குமிழி இருந்தால் வீட்டிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது, குமிழி வராமல் விடத் தெரிந்த தம்பி எங்கள் லேபில் ஒருவன்தான், அவன் லீவு போட்டால் எனக்கும் லீவு.