லாக்ஸ்டன் வயல்களுக்கு ஏன் வேலி இல்லை?

ஏற்காட்டான்:
வணக்கம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரின் வான்படத்தைப் பார்த்தேன். சுற்றியுள்ள ஊர்களில் நிலமெல்லாம் புதர்வேலிகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்க, இவ்வூரின் பெரிய வயல்களில் மட்டும் வேலியே இல்லை. நீளநீளமான துண்டுகள் பக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. பண்ணை வீடுகளும் நிலத்தின் நடுவே இல்லாமல் ஊர்த்தெருவில் வரிசையாக நிற்கின்றன. கால் ஏக்கர் மிளகுக்கொடிக்கும் முள்கம்பி இழுத்து வைத்திருக்கும் எனக்கு இது புரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்:
ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று லாக்ஸ்டனுக்கு மூன்று பெருவயல்கள் உண்டு. ஓராண்டு குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்று அவை சுழன்று வந்தன. ஒவ்வொருவருக்கும் மூன்று வயல்களிலும் சிதறலாகத் துண்டுகள் இருந்ததால், யாருடைய பங்கும் முழுவதுமாகத் தரிசில் மாட்டிக்கொள்ளாது. வீட்டை ஊருக்குள் கட்டியதும் அதனால்தான். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் இத்தகைய நிலங்களை ஒன்றாக்கி வேலியடைக்க வழி செய்தன. லாக்ஸ்டன் தப்பியதற்கு அங்கிருந்த இரு பெரிய நிலக்கிழார்கள் உடன்பாட்டுக்கு வராததே காரணம் என்பர். பழமைப் பற்று என்று நினைத்துவிட வேண்டாம். பங்காளிச் சண்டையில் பாகம் பிரியாமல் நின்ற சொத்தைப் போன்றது அது.

ஓய்வுபெற்ற உழவர், ஓமலூர்:
தம்பி, துண்டுகளின் நீளத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் ஒரு சோடி மாடு வரப்போரம் வந்ததும் சட்டென்று திரும்பிவிடும். அங்கோ களிமண்ணின் இறுக்கத்துக்கு எட்டு எருதுகள் வரை ஒரே கலப்பையில் பூட்டுவார்கள். அந்த வரிசையைத் திருப்புவதே பெரும்பாடு என்பதால் சால் நீண்டுகொண்டே போகும். திருப்பத்துக்கு முன்கூட்டியே வளையத் தொடங்குவதால் பல பழைய துண்டுகள் லேசாக நெளிந்திருக்கும். ‘சாலின் நீளம்’ என்பதுதான் பர்லாங் என்னும் அளவின் பெயர்ப்பொருள். அது 220 கெஜம்.

ஏற்காட்டான்:
நன்றி, ஐயா. வேலி இல்லையென்றால் பக்கத்துத் துண்டுக்காரர் ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதால் யார் கேட்பது? எங்கள் ஊரில் கிளுவை வேலி இருந்தும் அது நடக்கிறது!

அஸ்தம்பட்டி வாசகர்:
அதற்கென்றே ‘கோர்ட் லீட்’ என்னும் ஊர் நீதிமன்றம் இன்றும் அங்கே கூடுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் உழவர்களிலிருந்து தேர்ந்த நடுவர் குழு கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவந்து, எல்லை மறைந்த இடங்களில் மரமுளை அடித்து, பாதையையோ பொதுப் புல்தரையையோ உழுதவர்களைக் குறித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து ஊரிலுள்ள மதுவிடுதியில் மன்றம் கூடி, குறிக்கப்பட்டவர்களுக்கு அபராதம் விதிக்கும். தொகை சிறிதுதான்; ஊரார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதற்கே அஞ்சுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. ஒவ்வொரு துண்டையும் அதில் தனித்தனியே காணலாம். பின்னாளில் பல துண்டுகள் இணைக்கப்பட்டதால் இன்று எண்ணிக்கை குறைவு.